மேடு ஒருவருக்கு, மழை இன்னொருவருக்கு

மே மாதம், செவ்வாய்க்கிழமை, அதிகாலை

காட்பாடியில் ரயில் ஏறும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. ரயில்மீது குற்றம் சொல்ல முடியாது. நேரத்துக்கு வந்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. எரிச்சலுக்குக் காரணம் மடியில் இருந்த காகிதக் கட்டு. ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும் தமிழில் பேசுவதை ஆங்கிலத்திலும் உடனுக்குடன் சொல்வது என் தொழில். இந்த முறை என்னை அமர்த்தியவர்கள் இரு தரப்பு. ஒரு தரப்பு, நாட்டளவில் மனித உரிமைப் புகார்களைக் கேட்கும் அமைப்பு. மறு தரப்பு, அக்கம்பக்கத்து நாடுகள் பல சேர்ந்து பருவநிலை மாற்றத்துக்காக நடத்தும் மன்றம். பெயர்களை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் உரிமைக்காரர்கள், பருவநிலைக்காரர்கள் என்றே எழுதுகிறேன். வானிலை கெட்டு மனிதர்களின் உரிமை பறிபோகும் இடங்களில் இரு தரப்பும் கூடி உட்கார்ந்து புகார் கேட்பது என்று ஓர் உடன்பாடு செய்திருந்தார்கள். அதன் முதல் கூட்டு விசாரணை கோலார் தங்கவயலில்.

இதே விசாரணைக்கு ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் முதல் நாள் மாலையில் ரத்து செய்தார்கள். முதல் தடவை, பதாகையில் யாருடைய சின்னம் இடது பக்கம் வருவது என்று முடிவாகவில்லை. இரண்டாம் தடவை, அறிக்கையை யார் வெளியிடுவது என்று முடிவாகவில்லை. ஜோலார்பேட்டை வந்தபோது பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு உடன்பாட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஒத்துழைப்பு என்ற சொல் எல்லாப் பக்கங்களிலும் இருந்தது.

காலை, பங்காரப்பேட்டை

ஸ்டேஷன் வாசலில் டிரைவர் தாமோதரன் காரோடு நின்றார். தங்கவயலின் நந்திதுர்க் பகுதியில் குடியிருப்பவர், ஐம்பது வயது இருக்கும். நான் வேலூர்க்காரி என்று தெரிந்ததும் குடியாத்தத்தில் தனக்கு இருக்கும் உறவுக்காரர்களை எல்லாம் ஒப்பித்தார். ஸ்டேஷனிலிருந்து தங்கவயல் பதினாறு கிலோமீட்டர். பாதி தூரம் போனதும் கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினோரு மணிக்கு என்றேன். காரை ஓரங்கட்டிச் சிரிக்காத குறை.

“செவ்வாக்கெழமை பதினோரு மணிக்கா? ஊர்ல இன்னா மேடம் இருக்கும், பூட்டு தான் இருக்கும்.”

சுரங்கம் மூடிய பிறகு இந்த ஊருக்குச் சோறு போடுவது பெங்களூருதான். விடிவதற்கு முன்பே ஊர்க்கோடி ஸ்டேஷனான மாரிக்குப்பத்திலிருந்து ரயில் கிளம்புகிறது. தையல் ஃபேக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறவர்களை அள்ளிக்கொண்டு போய், இரவில் கொண்டுவந்து விடுகிறது. பகலில் இங்கே இருப்பவர்கள் பென்ஷன்காரர்களும் கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். இந்த ஊரில் எந்தக் கல்யாணக்காரரும் வேலை நாளில் பகலில் முகூர்த்தம் வைக்க மாட்டார் என்றார் தாமோதரன். இரண்டு தலைநகரங்களில் உட்கார்ந்துகொண்டு திரையில் முகம் பார்த்துப் பேசிய இரண்டு அலுவலகங்களுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பதினோரு மணி, மைசூர் மைன்ஸ்

தங்கவயலின் அந்தப் பகுதியில் விசாரணைக்கு எடுத்திருந்த கூடத்தில் ஒரு பதாகைக்குப் பதில் இரண்டு பதாகைகள் தொங்கின. சின்னத் தகராறு அப்படித் தீர்ந்திருந்தது. உரிமைக்காரர்கள் தரப்பில் அவஸ்தி வந்திருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுபவர், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். பருவநிலைக்காரர்கள் தரப்பில் காத்மாண்டுவிலிருந்து தாபா என்ற இளம்பெண். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்டாள். இருவருமே நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போடப்பட்டிருந்த நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பென்ஷன்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லி வந்தவர்கள். அது இல்லை என்று நான் விளக்கியதும் பிஸ்கட்டையும் காபியையும் முடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் மூன்று பேரும் மைக்செட்காரரும்தான்.

அந்தக் காலிக் கூடத்தைப் பார்த்து அவஸ்தி எழுந்து நின்று புகார்தாரரின் பெயரை அழைத்தார். விதிப்படி மூன்று முறை அழைக்க வேண்டுமாம். அவர் அழைக்க, நானும் தமிழில் அழைக்க வேண்டியதாயிற்று. கௌரி, கௌரி, கௌரி. வெட்கமாக இருந்தது.

கௌரி கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சுரங்கத்திலிருந்து பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண், ஊர் நடுவே மலை மலையாகக் கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு லைனில் அவள் வீடு. மேட்டுக்கும் லைனுக்கும் நடுவே இருந்த தடுப்புச் சுவர் போன வருஷ மழையில் இடிந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெருமழைக்கும் அந்தச் சேறு வீட்டுக்குள் வருகிறது. இந்த வருஷ மழை பிடிப்பதற்குள் சுவரைக் கட்டித் தர வேண்டும். அவ்வளவுதான் புகார்.

வராவிட்டால் என்ன ஆகும் என்று அவஸ்தியைக் கேட்டேன். அது என் வேலை இல்லைதான். அவர் பொறுமையாகவே சொன்னார்: புகார்தாரர் நேரில் வரவில்லை என்றால் புகாரை முடித்துவிடலாம், ஒரு தரப்பு முடித்ததை மறு தரப்பு திரும்ப எடுக்காது. உடன்பாட்டில் இரு தரப்பும் சண்டை போடாமல் எழுதிய விதி அதுதான் என்று தாபா தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

நண்பகல், மேட்டடியில்

முடிப்பதற்கு முன் இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று தாபா சொன்னதால் போனோம். மேடு சாம்பல் நிறத்தில், உச்சி தட்டையாக, பக்கமெல்லாம் மழை அறுத்த ஓடைகளோடு நின்றது. காற்று அடித்தபோது அதிலிருந்து மாவு மாதிரி தூசி எழுந்தது. அவஸ்தி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். லைனில் பெரும்பாலான கதவுகள் பூட்டியிருந்தன. கௌரி வீட்டின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேறு ஏறி இறங்கிய கறை இருந்தது. முன்பெல்லாம் மழை பல நாள் சொட்டிக்கொண்டே இருக்கும், இப்போது ஒரு மாதத்து மழை ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிட்டுப் போகிறது என்று தாமோதரன் சொன்னார். அதை மொழிபெயர்த்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

மேடு பழைய சுரங்கக் கழிவு, அதற்கும் பருவநிலைக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே மன்றத்தின் வரம்புக்குள் வராது என்றாள் தாபா. சுவரை இடித்தது மழை, மழையை எந்த அதிகாரியும் பெய்யச் சொல்லவில்லை, ஆகவே இதில் உரிமை மீறல் எங்கே இருக்கிறது என்றார் அவஸ்தி. அப்படியென்றால் மேடு உங்களுடையது என்றாள் அவள். மழை உங்களுடையது என்றார் அவர். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில் அத்தனை மரியாதை. உச்சி வெயிலில் இருவர் வாயிலிருந்தும் வந்த ஒவ்வொரு வார்த்தையையும் தாமோதரனுக்காகத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஃபேக்டரியில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம், சாப்பாட்டு வேளையில்தான் கௌரி எடுத்தாள். நான் யார் என்று சொன்னதும் அடக்கிய குரலில் கொட்டித் தீர்த்தாள்.

“ரெண்டு வாட்டி லீவு போட்டுக்கினு குந்தினேங்க்கா. ரெண்டு வாட்டியும் வரல. மூணாவது வாட்டி கேட்டா வேலைக்கே வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் சாயங்கால ட்ரெயின்ல தான் வருவேன். அதுவரைக்கும் இருக்கச் சொல்லுங்க்கா.”

இருக்க முடியாது, நாங்கள் சாயங்காலமே பெங்களூரு திரும்ப வேண்டும் என்றார் அவஸ்தி. ஆக, விசாரிக்கிறவர்கள் பெங்களூருக்குப் போகிற அதே நேரத்தில் புகார் கொடுத்தவள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருப்பாள். ரயிலில் வரும்போது எரிச்சலோடு படித்தது அப்போது கைகொடுத்தது. விசாரணை நடக்கும் இடம் பாதிக்கப்பட்ட மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்றுதான் உடன்பாடு சொல்கிறது, கட்டடமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாலூர் கோலார் மாவட்டம். கௌரி வரும் ரயிலில் அங்கே ஏறினால் மாரிக்குப்பம் வரை ரயில் இந்த மாவட்டத்துக்குள்தான் ஓடுகிறது. இதைச் சொன்னதும் தாபா சிரித்துவிட்டாள். அவஸ்தி அந்த விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். தவறு கண்டுபிடிக்க முடியாமல், பெங்களூருக்கு இரவில் காரில் போய்க்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். முதல் வகுப்புப் பெட்டி இருக்குமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

மாலை, மாலூரிலிருந்து

சாலை வழியாக மாலூர் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எங்களை இறக்கிவிட்டுவிட்டுத் தாமோதரன் மாரிக்குப்பத்தில் காத்திருப்பதாகச் சொல்லிப் போனார். ரயில் வந்தபோது, வேலை விட்டதும் கௌரி போனில் சொன்ன பெட்டியின் வாசலில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பெண்கள் தாபாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள், அவஸ்தியை நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

இந்த வண்டிக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. பெங்களூரிலிருந்து உட்கார்ந்து வந்தவர்கள் மாலூர் வந்ததும் எழுந்துகொள்கிறார்கள், அதுவரை நின்றவர்கள் உட்காருகிறார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. எங்களுக்கும் இடம் விட்டார்கள். “சார், ஸ்வல்ப தள்ளிக் குந்துங்க” என்று கன்னடம் கலந்து ஒரு பெண் அவஸ்தியிடம் சொல்லிவிட்டு அவர் மடியிலேயே தன் சாப்பாட்டுப் பையை வைத்தாள். அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கௌரி எதிரே நின்றாள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். விரல்களில் ஊசி குத்திய புள்ளிகள், கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டை. கணவருக்குப் பெங்களூரில் இரவுக் காவல் வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மகள் அபி பள்ளி விட்டு வந்து, அம்மா வரும்வரை வீட்டில் தனியாக இருப்பாள். சேறு வடிந்த பிறகு கழுவினால் கை கால் எல்லாம் அரிக்கும், பிள்ளைக்குப் புண் ஆறவே மாட்டேன் என்கிறது, அரிசி டின்னை இப்போதெல்லாம் பரண்மேல்தான் வைக்கிறோம் என்றாள். பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் மொழிபெயர்க்க, இருவரும் எழுதினார்கள். காலைக் கூடத்தில் தேடிய ஊர் முழுவதும் இந்தப் பெட்டியில் நின்றுகொண்டிருந்தது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது அவஸ்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நீங்கள் குறை சொல்வது மேட்டையா, மழையையா, அதைத் தெளிவுபடுத்த வேண்டும் என்றார். தாபாவும் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டாள். இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சொல்லத்தானே கூலி, சொன்னேன். கௌரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேடு யாருது, மழை யாருதுன்னு நீங்க அப்பறமா பேசிக்கோங்க சார். எங்க ஊட்டுக்குள்ள வரும்போது ரெண்டும் ஒண்ணா தான் வருது.”

அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பங்காரப்பேட்டை தாண்டிக் கிளை ரயில் பாதையில் வண்டி திரும்பியிருந்தது. வெளியே மின்னல் வெட்டியது. அடுத்த நிமிஷம் கூரைமேல் மழை அறைந்தது. ஜன்னல்களை இறக்கினார்கள். பெட்டியில் அத்தனை பேச்சும் நின்றுபோய், எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். கௌரியும் எடுத்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மகளிடம் பேசினாள்.

“அபி, டிவிய ஆப் பண்ணு. கதவ சாத்தாத, தொறந்தே உட்டுட்டு மேல் லைனுக்குப் போ. செருப்பு தேடிக்கினு நிக்காத. போ.”

அதன்பிறகு அவள் எங்களைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். மாரிக்குப்பத்தில் வண்டி முழுதாக நிற்பதற்குள் குதித்து மழைக்குள் ஓடினாள். அவள் பின்னால் இன்னும் பல பேர் ஓடினார்கள். அவஸ்தி சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடியே அப்புறம் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார்.

மாரிக்குப்பம்

பிளாட்பாரக் கூரைக்கு அடியில் நின்று அவஸ்தி கடைசி வரியை எழுதினார்: புகார்தாரர் வாக்குமூலத்தின் நடுவே வெளியேறினார். வெளியேறியவரை வராதவராகக் கணக்கு வைத்துப் புகாரை முடித்துவிட அந்த வரி போதும். தாபா படித்தாள், ஒரு நொடி தயங்கினாள், நடந்தது அதுதானே என்று தலையசைத்தாள். அவர் கையெழுத்திட்டார், அவளும் இட்டாள். யார் முதலில், யார் இடது பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. பதாகைக்கும் அறிக்கைக்குமாக இரண்டு தேதிகளைத் தள்ளிப்போட்டவர்கள், அந்த ஒரு வரியில் அவ்வளவு சுலபமாக ஒத்துழைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து நான் கையெழுத்திட வேண்டும். மொழிபெயர்ப்பு சரி என்று நான் சான்று கொடுக்காவிட்டால் அமர்வே செல்லாது. முடியாது என்று சொல்லிவிட்டேன். என் குரல் உயர்ந்ததைக் கேட்டுத் தாமோதரன் குடையோடு வந்துவிட்டார். தாபா என்னைத் தனியே அழைத்துப்போய், நாளைக்குள் அனுப்புங்கள், யோசித்து அனுப்புங்கள் என்று காகிதத்தை என் கையிலேயே கொடுத்தாள். அவர்கள் தாமோதரனின் காரில் கிளம்பினார்கள். ரயிலில் இடம் விட்ட பெண் ஒருத்தியோடு நான் லைனுக்கு நடந்தேன்.

அபி மேல் லைனில் ஒரு வீட்டில், ஈரத் தலையோடு தோசை தின்றுகொண்டிருந்தாள். கீழே கௌரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தகரத் துண்டால் சாம்பல் நிறச் சேற்றை வழித்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு வாளியைத் தூக்கினேன். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன் என்று சொன்னேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் தகரத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் ட்ரெயின்ல பேசினது எதுவும் கணக்குல வராதா? இன்னாக்கா, இப்பிடி பண்ணிட்டீங்க?”

நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

புதன்கிழமை, விடியற்காலை

அதே ரயிலில் நானும் கௌரியும் ஏறினோம். அவள் ஃபேக்டரிக்கு, நான் பங்காரப்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு. சுவர் இடிந்த இடத்தை அவளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மணல் மூட்டை போட்டு அடைத்திருந்தார்கள். அடுத்த மழையை அது தாங்காது என்று அவளே சொன்னாள். எங்கள் வேலூரில் மே மாதத்து மழை என்றால் மொட்டை மாடிக்குப் போய் நனைவோம், பெய்யட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவோம். இங்கே மேகம் கறுத்தால் அம்மாக்கள் பிள்ளைகளை வீட்டை விட்டு ஓடச் சொல்கிறார்கள். நூறு கிலோமீட்டர் தூரத்தில் ஒரே மழைக்கு இப்படி இரண்டு வாழ்க்கை. ஊர் திரும்புகிற சந்தோஷம் எனக்கு வரவில்லை.

பங்காரப்பேட்டையில் இறங்கி ஜன்னல் பக்கம் வந்தேன். சரி, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல, உடனே சொன்னாள்.

“நான் ஓடினது எழுதிக்கிறாங்க இல்ல, அத்த அழிக்க வேணாங்க்கா. நான் இன்னாத்துக்கு ஓடினேன்னு மட்டும் சேத்து எழுதுங்க.”

வண்டி நகர்ந்துவிட்டது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தேன். அவஸ்தியின் வரிக்குக் கீழே, இருவரின் கையெழுத்துகளுக்கும் கீழே, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தலைப்பிட்டுத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: மழை தொடங்கியது, தடுப்புச் சுவர் இல்லாத வீட்டில் புகார்தாரரின் மகள் தனியாக இருந்தாள். அதற்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.